மாசச்சூசெட்ஸ் மருத்துவச் சங்கம்

மாசச்சூசெட்ஸ் மருத்துவச் சங்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பாகும். இது 1781 நவம்பர் 1 அன்று அம்மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. அந்நாட்டில் இடைவெளியின்றித் தொடர்ந்து இயங்கிவரும் மாநில மருத்துவச் சங்கங்களுள் இதுவே மிகப் பழமையானது. நியூ செர்சி மருத்துவச் சங்கம் 1766 இலேயே தோன்றியது எனினும், விடுதலைப் போர்க் காலத்தில் அதன் பணிகள் தடைப்பட்டன. 25,000 க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் மாசச்சூசெட்ஸ் சங்கத்தின் உறுப்பினர்களாக உள்ளனர். தலைமை அலுவலகம் பாஸ்டனுக்கு அருகிலுள்ள வால்தம் நகரில் அமைந்துள்ளது.

உலக அளவில் மருத்துவர்களால் மிகவும் மதிக்கப்படும் ஆய்விதழ்களுள் ஒன்றான நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் உரிமையாளர் என்ற வகையிலேயே இச்சங்கம் வெளிநாடுகளில் அறியப்படுகிறது. ஆனால் உள்நாட்டில் அதன் முதன்மையான வேலை வேறு. மாநிலத்தின் நலவாழ்வுச் சட்டங்கள் உருவாகும் இடத்தில் மருத்துவர்களின் சார்பில் பேசுவதே அவ்வேலை. அவ்வாறு பேசும்போது அது சில வேளைகளில் மக்களின் உடல்நலத்துக்காகவும், சில வேளைகளில் மருத்துவர்களின் வருமானத்துக்காகவும் அதிகாரத்துக்காகவும் பேசியுள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்போதும் எளிதாக இருந்ததில்லை.

சங்கமும் உரிமமும்

மருத்துவச் சங்கம் வேறு, மருத்துவருக்கு உரிமம் வழங்கும் அமைப்பு வேறு என்பதை வாசகர்கள் முதலில் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். அமெரிக்காவில் மருத்துவத் தொழில் நடத்துவதற்கான உரிமத்தை வழங்குவதும் நீக்குவதும் அந்தந்த மாநில அரசின் வாரியங்கள் ஆகும். மாசச்சூசெட்சில் இவ்வாறான வாரியம் 1894 இல்தான் ஏற்பட்டது. சங்கத்தில் சேர்வது மருத்துவரின் விருப்பத்தைப் பொறுத்தது. சேராதவரும் தடையின்றித் தொழில் நடத்தலாம். சங்கத்தால் ஒருவரைத் தன் பட்டியலிலிருந்து நீக்க முடியுமே அன்றி, தொழிலிலிருந்து நீக்க முடியாது.

எனினும் தொடக்கத்தில் இவ்வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. அரசு வாரியம் எதுவும் இல்லாத அந்த நூறாண்டுக் காலத்தில், யார் முறையாகக் கற்ற மருத்துவர் என்று சான்று கூறும் பொறுப்பைச் சட்டமே இச்சங்கத்திடம் ஒப்படைத்திருந்தது. சங்கத்தின் வரலாற்றில் வரும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்தப் பொறுப்பிலிருந்தே முளைத்தவை.

தோற்றம்

பிரித்தானியப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் சரணடைந்து இரண்டு வாரங்கள் கூட முழுமையாகாத நிலையில் இச்சங்கம் பிறந்தது. போரின்போது பல மருத்துவர்கள் படை மருத்துவமனைகளில் ஒன்றாகப் பணியாற்றியிருந்தனர். ஒருவர் மற்றவரின் திறமையையும் திறமையின்மையையும் நேரில் காணும் வாய்ப்பு அவர்களுக்கு அங்கே கிடைத்தது. அக்காலத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். மூத்த மருத்துவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றவர்கள். எதுவும் கல்லாமல் மருந்து கொடுத்துத் திரிந்தவர்களும் பலர் இருந்தனர். முறையாகக் கற்றவர்களையும், அறியாமையாலோ தீய நோக்காலோ மருந்து கொடுப்பவர்களையும் மக்கள் வேறுபடுத்தி அறிய வழி வேண்டும் என்பதே சங்கத்தை நிறுவிய சட்டம் கூறும் காரணமாகும்.

அச்சட்டத்தில் ஆளுநர் என்ற முறையில் ஜான் ஹான்காக்கும், மேலவைத் தலைவர் என்ற முறையில் சாமுவேல் ஆடம்சும் கையொப்பமிட்டனர். இவ்விருவரும் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையிலும் கையொப்பமிட்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தொடக்க உறுப்பினர்களாக 31 மருத்துவர்களின் பெயர்கள் சட்டத்திலேயே இடம் பெற்றன. உறுப்பினர் எண்ணிக்கை 70 ஐத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. முதல் தலைவராக சேலம் நகரைச் சேர்ந்த எட்வர்டு அகஸ்டஸ் ஹோலியோக் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1728 இல் பிறந்த இவர் நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 1829 இல் மறைந்தார்.

சங்கம் தோன்றிய அடுத்த ஆண்டே, 1782 இல், ஹார்வர்டு மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் வாரன் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். இருப்பினும் இரு நிறுவனங்களுக்கும் இடையில் விரைவிலேயே பிணக்கு தோன்றியது. மருத்துவரின் தகுதிக்குச் சான்று கூறுவது சங்கத்தின் தேர்வா, பல்கலைக்கழகத்தின் பட்டமா என்பதே கேள்வி. ஹார்வர்டில் பட்டம் பெற்றோர் சங்கத்தின் தேர்வை எழுதாமலேயே அதற்கு நிகரான தகுதியுடையவராவர் என்று 1803 இல் உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டில் சங்கத்தின் அமைப்பும் மாற்றப்பட்டது. எழுபது பேர் என்ற வரம்பு நீங்கியது. தகுதியுள்ள எவரும் சேரலாம் என்ற நிலை வந்தது. மாநிலத்தின் பல பகுதிகளில் மாவட்டச் சங்கங்கள் அமைக்க வழி செய்யப்பட்டது. பாஸ்டன் நகரத்து அறிஞர் குழுவாக இருந்த ஒன்று மாநிலம் தழுவிய தொழில் அமைப்பாக மாறியது இதன் பின்னரே எனலாம்.

மருந்துப் பட்டியலும் ஆண்டுப் பேருரைகளும்

சங்கத்தின் தொடக்க காலப் பணிகளுள் 1808 இல் வெளியிடப்பட்ட மருந்துத் தர நூல் முதன்மையானது. ஒரே மருந்து ஊருக்கு ஒரு பெயரிலும், கடைக்கு ஒரு செறிவிலும் விற்கப்பட்ட காலம் அது. மருத்துவர் எழுதித் தந்ததும் மருந்துக் கடைக்காரர் கலந்து தந்ததும் ஒன்றுதானா என்பதை நோயாளி அறிய வழி இல்லை. ஜேம்ஸ் ஜாக்சன், ஜான் காலின்ஸ் வாரன் ஆகிய இருவரும் இந்நூலைத் தொகுத்தனர். 1820 இல் நாடு முழுவதற்குமான அமெரிக்க மருந்துத் தர நூல் உருவானபோது இதுவும் அதற்கு உதவிற்று.

ஆண்டுக் கூட்டங்களில் உறுப்பினர் ஒருவர் பேருரை ஆற்றுவது வழக்கம். இவற்றுள் சில மருத்துவ வரலாற்றில் நிலைபெற்றவை. 1835 இல் ஜேக்கப் பிகலோ என்பவர், பல நோய்கள் தாமாகவே தொடங்கித் தாமாகவே முடிபவை என்றும், மருத்துவர் தந்த மருந்தால் அவை தீர்ந்ததாகக் கருதுவது பிழை என்றும் எடுத்துரைத்தார். குருதி வடித்தலும், பாதரசக் கூட்டுப்பொருள்களைப் பெருமளவில் கொடுத்தலும் அன்றாட மருத்துவமாக இருந்த நாளில், மருத்துவர்கள் நிறைந்த அவையில் இதைக் கூறுவதற்குத் துணிவு வேண்டும். கால் நூற்றாண்டு கழித்து, 1860 இல், கவிஞரும் உடற்கூற்றியல் பேராசிரியருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இன்னும் கடுமையாகப் பேசினார். அபினி, மயக்க மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, அந்நாளில் வழங்கிய மருந்துகளில் பெரும்பாலானவை இல்லாமலிருந்தால் மனிதகுலத்துக்கு நன்மையே என்பது அவருடைய கருத்து. உரையில் கூறப்பட்டவை பேச்சாளரின் கருத்துகளே, தன் கருத்துகள் அல்ல என்று சங்கம் தீர்மானம் இயற்றித் தன்னை விலக்கிக் கொண்டது. பிற்காலத்தில் அவ்வுரையே சங்கத்தின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணப்படலாயிற்று.

யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது

1854 இல் ஜான் வான் சர்லி டெகிராஸ் என்னும் மருத்துவர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். போடன் கல்லூரியில் 1849 இல் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒன்றில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கர் எனக் கருதப்படுகிறார். உள்நாட்டுப் போர் வெடிப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், நாட்டின் தென்பகுதியில் அடிமை முறை சட்டப்படி நிலவிய காலத்தில் நடந்தது இது. போரின்போது டெகிராஸ் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் உதவி அறுவை மருத்துவராகப் பணியாற்றினார்.

நாடளாவிய அமைப்பான அமெரிக்க மருத்துவக் கழகம் 1847 இல் நிறுவப்பட்டது. மாநிலச் சங்கங்கள் அதற்குப் பேராளர்களை அனுப்பின. 1870 இல் வாசிங்டனில் கூடிய அதன் மாநாட்டில், கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒருங்கே உறுப்பினராகக் கொண்ட ஒரு சங்கத்தின் பேராளர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதே மாநாட்டில் மாசச்சூசெட்ஸ் சங்கத்தின் மீதும் ஒரு புகார் இருந்தது. ஓமியோபதி முதலிய வேற்று முறைகளைப் பின்பற்றுவோரை அது உறுப்பினராக வைத்திருக்கிறது என்பதே புகார். எனினும் மாசச்சூசெட்ஸ் பேராளர்களுக்கு இடம் கிடைத்தது. விதி ஒன்று, அதைப் பயன்படுத்திய விதம் இரண்டு என்பதை வரலாற்றாளர்கள் சுட்டிக்காட்டுவர். அமெரிக்க மருத்துவக் கழகம் இத்தகைய விலக்கல்களுக்காக 2008 இல் கறுப்பின மருத்துவர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

மாநாட்டில் இடம் கிடைத்தாலும் புகார் ஓயவில்லை. ஊர் திரும்பிய மாசச்சூசெட்ஸ் சங்கம் 1871 இல் தன் உறுப்பினர்களாயிருந்த ஓமியோபதி மருத்துவர்கள் சிலர் மீது விசாரணை தொடங்கியது. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு இழுபட்டு, 1873 இல் அவர்கள் நீக்கப்பட்டனர். அதே ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஓமியோபதி முறையைத் தழுவிய மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. விசாரணைக்கு உட்பட்டவர்களுள் ஒருவரான இசுரேல் டிஸ்டேல் டால்பட் அதன் முதல் முதல்வரானார். பெண்களுக்கென இயங்கிவந்த நியூ இங்கிலாந்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியும் அதனோடு இணைக்கப்பட்டதால், ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கற்கும் மருத்துவப் பள்ளியாக அது அமைந்தது. அப்பள்ளி பின்னர் ஓமியோபதியைக் கைவிட்டு வழக்கமான மருத்துவக் கல்விக்கு மாறியது.

பெண்களைச் சேர்ப்பதில் சங்கம் காட்டிய தயக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1862 இல் மேரி சக்ரெவ்ஸ்கா என்பவர் பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனையை நிறுவினார். அங்கே பெண் மருத்துவர்கள் முழுப் பொறுப்புடன் நோயாளிகளைக் கவனித்தும், அறுவை மருத்துவம் செய்தும் வந்தனர். ஆயினும் அவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. அம்மருத்துவமனையில் பணியாற்றிய எம்மா கால் 1884 இல் முதல் பெண் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். ஒரு பெண் சங்கத்தின் தலைவராவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1985 இல் பார்பரா ராக்கெட் அப்பதவிக்கு வந்தார். ஆப்பிரிக்க-அமெரிக்கரான ஆலிஸ் கூம்ஸ் 2010 இல் தலைவரானார். டெகிராஸ் உறுப்பினராகி அப்போது 156 ஆண்டுகள் கடந்திருந்தன.

பொது நலவாழ்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாசச்சூசெட்ஸ், பொது நலவாழ்வுத் துறையில் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக இருந்தது. பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை மாநில அளவில் பதிவு செய்யும் சட்டம் 1842 இல் இயற்றப்பட்டது. எந்த நோயால், எந்த ஊரில், எத்தனை பேர் இறக்கின்றனர் என்று தெரியாமல் நோய்த்தடுப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதை மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர். சங்கமும் இச்சட்டத்தை ஆதரித்தது. ஆனால் இதன் உந்துசக்தியாக விளங்கிய லெமுவேல் ஷாட்டக் மருத்துவர் அல்லர், நூல் வெளியீட்டாளர். மாநிலத்தின் தூய்மை நிலை குறித்து 1850 இல் அவர் அளித்த அறிக்கை மாநில நலவாழ்வு வாரியம் ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அது பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

வாரியம் 1869 இல் அமைந்தபோது அதன் முதல் தலைவரானவர் ஹென்றி இங்கர்சால் பௌடிச் என்னும் மருத்துவர். இவர் 1862 இல் சங்கத்தின் ஆண்டுப் பேருரையை ஆற்றியவர். மாநிலத்தின் மருத்துவர்களிடம் கேட்டுப் பெற்ற செய்திகளைத் தொகுத்து, காசநோய் ஈரமான நிலப்பகுதிகளில் மிகுதியாக உள்ளது என்று அவ்வுரையில் அவர் வாதிட்டார். 1882 இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின் ஈரமண் கொள்கை காலாவதியாயிற்று. ஆயினும் நோயை ஒரு தனிமனிதரின் உடலில் மட்டுமன்றி, அவர் வாழும் இடத்திலும் தேட வேண்டும் என்ற அணுகுமுறை நிலைத்தது. மாநில மருத்துவர்களைச் செய்தி திரட்டும் வலையமைப்பாகப் பயன்படுத்த முடிந்தது மாவட்டச் சங்கங்கள் இருந்ததால் எளிதாயிற்று என்றும் கூறலாம்.

நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்

இவ்விதழ் சங்கத்தால் தொடங்கப்பட்டதன்று. மேலே கூறிய ஜேம்ஸ் ஜாக்சனும் ஜான் காலின்ஸ் வாரனும் 1812 இல் இதைக் காலாண்டு இதழாகத் தொடங்கினர். 1828 இல் மற்றோர் இதழுடன் இணைந்து பாஸ்டன் மருத்துவ அறுவை இதழ் என்ற பெயரில் வார இதழானது. மயக்க மருந்தாக ஈதரைப் பயன்படுத்தி 1846 அக்டோபரில் பாஸ்டனில் நடந்த அறுவை மருத்துவம் பற்றிய செய்தி, அதே ஆண்டு நவம்பரில் இவ்விதழில்தான் வெளிவந்தது. அந்த அறுவையைச் செய்தவரும் வாரனே. சங்கம் 1921 இல் ஒரு டாலர் விலை கொடுத்து இதழை வாங்கி, 1928 இல் இப்போதுள்ள பெயரைச் சூட்டியது. ஒரு டாலருக்கு வாங்கிய இதழ் பின்னாளில் சங்கத்தின் மிகப் பெரும் வருவாய் வழியானது.

1967 முதல் 1977 வரை ஆசிரியராக இருந்த பிரான்ஸ் இங்கல்பிங்கர், வேறெங்கும் முன்னரே வெளியான ஆய்வுகளை ஏற்பதில்லை என்ற விதியை 1969 இல் வகுத்தார். அவ்விதி இன்றளவும் அவர் பெயரால் வழங்குகிறது. அவரையடுத்து வந்த ஆர்னால்டு ரெல்மன், இலாப நோக்குடைய மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் பெருகி மருத்துவம் ஒரு வணிகத் துறையாக மாறிவருவதை 1980 இல் கண்டித்து எழுதினார். கட்டுரையாளர்கள் தமக்கு நிறுவனங்களுடன் உள்ள பணத் தொடர்புகளை வெளியிட வேண்டும் என்ற நடைமுறையை 1984 இல் கொண்டுவந்தவரும் அவரே.

இதழின் உரிமையாளர் ஒரு தொழிற்சங்கம் போன்ற அமைப்பாக இருப்பதன் சிக்கல் 1999 இல் வெளிப்பட்டது. இதழின் பெயரைச் சங்கத்தின் பிற வெளியீடுகளுக்கும் வணிக முயற்சிகளுக்கும் பயன்படுத்தச் சங்கத்தின் நிர்வாகம் விரும்பியது. அப்போதைய ஆசிரியர் ஜெரோம் காசிரர் அதை எதிர்த்தார். தரத்தால் ஈட்டிய பெயரைத் தரத்தை உறுதி செய்ய இயலாத பொருள்களுக்கு இரவல் தரலாகாது என்பது அவர் நிலை. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். மார்சியா ஏஞ்சல் இடைக்கால ஆசிரியராகப் பொறுப்பேற்றார்; 2000 இல் ஜெப்ரி டிரேசன் ஆசிரியரானார். அவர் 2019 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அமைப்பும் தலைமையும்

சங்கத்தின் கொள்கைகளை முடிவு செய்யும் உயர்ந்த அவை பேராளர் அவை ஆகும். இருபது மாவட்டச் சங்கங்களும் மாணவர், பயிற்சி மருத்துவர் முதலிய பிரிவுகளும் இதற்குப் பேராளர்களை அனுப்புகின்றன. ஆண்டுக்கு இருமுறை, வசந்த காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் அவை கூடுகிறது. உறுப்பினர் எவரும் ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம். அது குழு ஒன்றின் முன் விவாதிக்கப்பட்டு, பின்னர் அவையில் வாக்கெடுப்புக்கு வரும். நிறைவேறிய தீர்மானமே சங்கத்தின் கொள்கை. அன்றாட நிர்வாகத்தை அறங்காவலர் குழு கவனிக்கிறது.

தலைவரின் பதவிக்காலம் பொதுவாக ஓராண்டு. அடுத்த தலைவர் ஓராண்டுக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெறுகிறார். ஓராண்டில் எந்தச் சட்டத்தையும் தொடங்கி முடிக்க இயலாது. ஆகவே சட்டமன்றத்தில் தொடர்ந்து பணியாற்றுவோர் சங்கத்தின் நிலையான அலுவலர்களே என்பதும், தலைவர் பெரும்பாலும் அதன் குரலாக இருக்கிறார் என்பதும் இவ்வகைச் சங்கங்கள் அனைத்துக்கும் பொருந்தும்.

சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும்

முதியோருக்கான நடுவண் அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஏற்கத்தக்க கட்டணத்தை வரையறுக்கிறது. மருத்துவர் அதற்கு மேல் கேட்டால் எஞ்சிய தொகையை நோயாளி தம் கையிலிருந்து தர வேண்டியிருந்தது. ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் காலத்தில், 1985 இல், அவ்வாறு கூடுதல் கட்டணம் பெறுவதில்லை என ஒப்புக்கொண்டால்தான் மருத்துவ உரிமம் என்ற சட்டம் மாசச்சூசெட்சில் இயற்றப்பட்டது. சங்கம் இதை எதிர்த்து நடுவண் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1986 இலும், மேல்முறையீட்டில் 1987 இலும் தோற்றது. மாநில அரசு இவ்வகையில் தலையிட நடுவண் சட்டம் தடையாக இல்லை என்பது தீர்ப்பு. சங்கம் இவ்வழக்கை நடுவண், மாநில அதிகாரப் பிரிவினை பற்றியதாக முன்வைத்தது. வயது முதிர்ந்த நோயாளிகளின் பார்வையில் அது மருத்துவக் கட்டணம் பற்றிய வழக்கு.

2006 ஏப்ரலில் ஆளுநர் மிட் ராம்னி கையொப்பமிட்ட சட்டம், மாநில மக்கள் ஏறத்தாழ அனைவரும் மருத்துவக் காப்பீடு பெற்றிருப்பதைக் கட்டாயமாக்கியது. வருவாய் குறைந்தோருக்கு அரசு உதவியும் தந்தது. சங்கம் இதை ஆதரித்தது. காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை விரைவாகக் குறைந்தது. 2010 இல் நாடு முழுவதற்கும் வந்த காப்பீட்டுச் சீர்திருத்தத்துக்கு இதுவே முன்மாதிரி. ஆனால் காப்பீட்டு அட்டை கையில் இருப்பது வேறு, மருத்துவரைக் காண முடிவது வேறு. சங்கம் ஆண்டுதோறும் நடத்திய கணக்கெடுப்புகள், முதல்நிலை மருத்துவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் புதிய நோயாளிகளை ஏற்பதில்லை என்று காட்டின. சங்கத்தின் பயனுள்ள பணிகளுள் இக்கணக்கெடுப்பும் ஒன்றெனக் கொள்ளலாம்.

மருத்துவப் பிழைகளுக்கான இழப்பீட்டு வழக்குகள் நெடுங்காலமாகச் சங்கத்தின் கவலையாக இருந்தவை. வழக்குக்கு அஞ்சித் தேவையற்ற சோதனைகளைச் செய்யச் சொல்வதாக, 2008 இல் சங்கம் வெளியிட்ட ஆய்வில் 83 விழுக்காடு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டனர். கேட்டதும் மருத்துவர்களின் சங்கமே, பதில் கூறியவர்களும் மருத்துவர்களே என்பதை இவ்வெண்ணைப் படிப்போர் மறத்தலாகாது. 2012 இல் சங்கமும் வழக்கறிஞர் அமைப்புகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. அவ்வாண்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடுப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். மருத்துவர் நோயாளியிடம் வருத்தம் தெரிவித்தால் அச்சொற்களைப் பொதுவாக அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ள முடியாது. பிழை நேர்ந்தபின் வாய்திறக்க அஞ்சிய மருத்துவரும், என்ன நடந்தது என்று அறியத் துடித்த குடும்பமும் பேசிக்கொள்ள இது வழி திறந்தது.

செவிலியர்களின் அதிகாரம் பற்றிய விவாதத்தில் சங்கம் வேறு முகம் காட்டியது. உயர்நிலைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றி மருந்து எழுதித் தருவதை அது பல்லாண்டுகள் எதிர்த்து வந்தது. நோயாளியின் பாதுகாப்பே காரணமாகக் கூறப்பட்டது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் இந்த எதிர்ப்பு எவ்வாறு பயன்படும் என்று செவிலியர் அமைப்புகள் கேட்டன. 2021 சனவரி 1 அன்று கையொப்பமான சட்டம், ஈராண்டுக் கால மேற்பார்வைப் பணிக்குப்பின் அவர்கள் தாமாக மருந்து எழுத அனுமதித்தது.

அபினி வகை வலிநீக்கிகள்

1980 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஆசிரியருக்கான கடிதம் ஒன்று வெளியானது. ஒரே பத்தி கொண்டது அது. மருத்துவமனையில் அபினி வகை மருந்து பெற்ற நோயாளிகள் அதற்கு அடிமையாவது அரிது என்று அதில் கூறப்பட்டிருந்தது. மருத்துவமனைக்குள் இருந்த நோயாளிகளைப் பற்றிய இக்குறிப்பை, வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்வோருக்கும் பொருத்திப் பலர் மேற்கோள் காட்டினர். இதை ஆராய்ந்த கனடிய ஆய்வாளர்கள், 608 முறை இக்கடிதம் மேற்கோளாக எடுத்தாளப்பட்டதையும், அவற்றுள் பெரும்பான்மை அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டியதையும் 2017 இல் அதே இதழில் வெளியிட்டனர். இதழும் பழைய கடிதத்துடன் எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது. அதற்குள் நாடெங்கும் அளவுக்கு மிஞ்சிய அபினி வகைப் பொருள்களால் ஏராளமானோர் உயிரிழந்திருந்தனர். அவர்களுள் பலருக்கு முதல் மாத்திரை மருத்துவர் எழுதித் தந்த சீட்டிலிருந்தே கிடைத்திருந்தது.

ஆளுநர் சார்லி பேக்கர் 2015 இல், முதன்முறை எழுதித் தரும் அபினி வகை மருந்து 72 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்ற வரைவை முன்வைத்தார். சிகிச்சை முடிவுகளைச் சட்டம் வகுப்பதா என்று மருத்துவர்கள் வினவினர். சங்கம் முழுமையாக எதிர்த்து நிற்காமல், தானே மருந்து எழுதும் நெறிமுறைகளை வகுத்து வெளியிட்டு, ஏழு நாள் வரம்பை ஏற்றது. 2016 மார்ச்சில் ஏழு நாள் வரம்பு சட்டமானது. நாட்டில் இவ்வகையில் முதல் சட்டம் இதுவே. 2017 ஏப்ரலில் பேராளர் அவை இன்னும் ஒரு படி மேலே சென்றது. போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொள்வோர் மருத்துவக் கண்காணிப்பில் அதைச் செய்யும் இடம் ஒன்றைச் சோதனை முறையில் அமைக்கலாம் எனத் தீர்மானம் இயற்றியது. உயிர் போகும் தறுவாயில் மாற்று மருந்து கொடுக்க அருகில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இறுதிக்கால உதவி குறித்த நிலைப்பாடு

தீராத நோயால் இறக்கும் நிலையிலுள்ளவர் தாமே உட்கொள்வதற்கென உயிர்நீக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தரலாமா என்பது 2012 நவம்பரில் மாநில மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சங்கம் இதை எதிர்த்துப் பரப்புரை செய்தது. ஏறத்தாழ 51 விழுக்காட்டினர் எதிராகவும் 49 விழுக்காட்டினர் ஆதரவாகவும் வாக்களித்ததால் முன்மொழிவு தோற்றது. இவ்வளவு குறைந்த வேறுபாட்டில் சங்கத்தின் எதிர்ப்புக்கும் பங்கிருந்திருக்கும் எனக் கருதுவோர் உண்டு.

பின்னர் உறுப்பினர்களுக்குள்ளேயே கருத்து மாறலாயிற்று. 2017 இல் சங்கம் தன் உறுப்பினர்களின் எண்ணத்தை அறியக் கருத்துக் கணிப்பு நடத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய பேராளர் அவை பழைய எதிர்ப்பைக் கைவிட்டது, ஆதரவாகவும் மாறவில்லை. சட்டம் வருமாயின் அதில் பங்கேற்கும் மருத்துவருக்கும், மனச்சான்றின்படி மறுக்கும் மருத்துவருக்கும் வழிகாட்டுவது என்ற நடுநிலையை அது மேற்கொண்டது. அமெரிக்க மருத்துவக் கழகம் அப்போதும் எதிர்நிலையிலேயே இருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில், இத்தகைய உதவியைப் பெறும் உரிமை மாநில அரசமைப்புச் சட்டத்தில் இல்லை எனத் தீர்ப்பளித்து, முடிவைச் சட்டமன்றத்திடமே விட்டது. அவ்வழக்கைத் தொடுத்தவர்களுள் ஒருவர், புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு மருத்துவர்.